நான்கு பேர், ஒரு குக்கர்: அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கான சமையல் வழிகாட்டி

கோவை பீளமேட்டில் அறை எடுத்துத் தங்கிய முதல் மாதத்தில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சமைத்தது மொத்தமே ஆறு நாள். சோறு குழைந்தது, ஒருநாள் குழம்பு அடிபிடித்தது, அதற்கெல்லாம் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. ஏழாம் நாள் தொட்டியில் குவிந்து கிடந்த பாத்திரத்தைப் பார்த்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு சட்டையை மாட்டிக்கொண்டு மெஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டோம்.

அப்புறம் பல அறைகளைப் பார்த்துவிட்டேன். எல்லா இடத்திலும் கதை இதேதான். சமையலைக் கவிழ்ப்பது பாத்திரமும் காசுக் கணக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வரும் சாப்பாடு எல்லாமே ஒரு பாத்திரம், மிஞ்சினால் இரண்டு பாத்திரத்தில் முடிகிறவை. மிக்ஸி வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம். நான் இருந்த ஊர் கோவை என்பதால் கொங்குச் சமையல்தான் அதிகம் வரும். மற்ற ஊர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம், சோம்பேறி மாணவனுக்கு இதைவிடத் தோதான சமையல் எனக்குத் தெரியாது.

முதலில் அடுப்பு

வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். சில வீடுகளில் கேஸ் கூடாது, கரண்ட் அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். சில இடத்தில் இதற்கு நேர்மாறாக இருக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் முதலில் பிளக் பாயிண்டைப் பாருங்கள். அடுப்பு பெரும்பாலும் 1200 முதல் 2000 வாட் வரை இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டுகிற சின்ன சாக்கெட் அதைத் தாங்காது, சூடாகி உருகும். ஃப்ரிட்ஜுக்கும் ஹீட்டருக்கும் வைத்திருப்பார்களே, தடித்த மூன்று துளை கொண்ட பெரிய சாக்கெட், அதில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. கரண்ட் கணக்கு எளிது: 1000 வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு குக்கர் சாப்பாட்டுக்கு அரை யூனிட்டைச் சுற்றித்தான் ஆகும். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், இதை வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இண்டக்‌ஷனில் எல்லாப் பாத்திரமும் சூடாகாது. அம்மா கொடுத்துவிட்ட பழைய அலுமினியக் குக்கரை வைத்தால் அடுப்பு 'பீப் பீப்' என்று கத்திவிட்டு நின்றுவிடும். பாத்திரம் வாங்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அடியில் ஒட்டினால் வாங்கலாம், ஒட்டாவிட்டால் வேண்டாம்.

கேஸ்தான் சரி என்றால் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. முகவரிச் சான்று கேட்காமல், அடையாள அட்டையைக் காட்டினாலே தருவார்கள். தெருமுனைக் கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்கு மாற்றி நிரப்பித் தருகிறார்களே, அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். வாசலில் நின்று பார்க்கவே பயமாக இருக்கும்.

பாத்திரம்

நாங்கள் செய்த முதல் தப்பு 3 லிட்டர் குக்கர் வாங்கியது. நான்கு பேருக்குப் பருப்பு போட்டுச் சமைத்தால் அது நுரைத்துப் பொங்கி, விசில் வழியாக மஞ்சள் தண்ணீரைச் சுவரெல்லாம் பீய்ச்சியது. சோறு என்றால் குக்கரில் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பலாம். பருப்பு சேர்ந்துவிட்டால் பாதிக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் அது நுரைக்கும். ஆக, நான்கு பேருக்கு 5 லிட்டர் குக்கர். இரண்டு பேர் என்றால் 3 லிட்டர் போதும்.

அது போக ஒரு வடச்சட்டி (மற்ற ஊரில் வாணலி என்பீர்கள்), ஒரு தோசைக்கல், மூடியோடு ஒரு நடுத்தரப் பாத்திரம், கத்தி, இரண்டு கரண்டி, ஒரு மத்து, ஒரு சின்ன இடிகல். மத்தும் இடிகல்லும் மிக்ஸி வேலையைப் பார்த்துக்கொள்ளும். தட்டு, டம்ளர் மட்டும் தலைக்கு ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள். எட்டுத் தட்டு இருந்தால் எட்டும் அழுக்காகும்வரை யாரும் கழுவ மாட்டார்கள். எங்கள் அறையில் நாலே தட்டுதான் என்று ஆனபிறகு அவனவன் தட்டை அவனவன் கழுவினான், வேறு வழியில்லை.

அளவுக்கு ஒரு டம்ளரை ஒதுக்கி வையுங்கள். 200 மில்லி பிடிக்கிற சாதாரண எவர்சில்வர் டம்ளர். இனி நான் டம்ளர் என்று சொல்வதெல்லாம் அதுதான்.

சாமான்

மாதச் சாமான் என்று பெரிய பட்டியல் போடாதீர்கள், பாதி வண்டு வைத்துப் போகும். அரிசி, துவரம் பருப்பு, கொள்ளு, ரவை, புளி, உப்பு, கடலெண்ணெய், கொஞ்சம் நல்லெண்ணெய். கடுகு, சீரகம், மிளகு, கொத்தமல்லி விதை, வரமிளகாய், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் 50 கிராம், 100 கிராம் பொட்டலம் போதும். கறிமசால் பொடி, பிரியாணி மசாலா எல்லாம் ஆசையில் வாங்குவோம், ஒருதடவை பிரித்ததோடு சரி.

அரிசிக்கு வீட்டு ரேஷன் கார்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல்தான் கிடைக்கிறது. ஊருக்குப் போகிறவன் எவனாவது வரும்போது பத்துக் கிலோ தூக்கி வந்தால் அந்த மாதத்தின் பெரிய செலவு ஒன்று போச்சு. நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்தால் நன்றாகவே வேகும். அதில் சில மணிகள் மட்டும் வேறு நிறமாக, மிதக்கிற மாதிரி இருக்கலாம். 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸப்பில் சுற்றியது அதைப் பற்றித்தான். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி. நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருப்பார்கள். பொறுக்கி எறிய வேண்டாம்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை தொடங்கியது. கோவையில் சிங்காநல்லூர், ஆர்.எஸ். புரம் என்று பல இடத்தில் இருக்கிறது. விவசாயியே கொண்டுவந்து விற்கிறார், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவனும் ஏமாற மாட்டான். விடியற்காலையில் போனால்தான் நல்ல காய். ஞாயிற்றுக்கிழமை ஒருவன் எழுந்து போனால் வாரம் முழுக்க ஓடும். சின்ன வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, இவை கட்டாயம். காய் ஒன்றிரண்டு போதும். கீரையை அன்றைக்கே சமைக்கிறதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கறிவேப்பிலையைக் காகிதத்தில் சுற்றி வைத்தால் நாலு நாள் தாங்கும்.

தண்ணீரையும் சாமானில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவை வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு உண்டு. உப்புத் தண்ணியில் பருப்பு வேகவே வேகாது, எத்தனை விசில் விட்டாலும் கல் மாதிரி நிற்கும். அதில் இருக்கும் கால்சியம் பருப்பை இறுக்கிவிடும். கழுவ உப்புத் தண்ணி, வேகவைக்க நல்ல தண்ணி. கேஸும் மிச்சம்.

முதல் வாரம்: அரிசிம்பருப்பு சாதம் மட்டும்

போனில் அம்மாவிடம் கேட்டால், "அரிசிம்பருப்பு வெச்சுக்க கண்ணு, என்ன பெரிய வேலை" என்பார். உண்மைதான். கொங்கு வீடுகளில் நேரமில்லாத அன்றைக்கு இதுதான் சாப்பாடு. வேறெதுவும் பழகாமல் இதை மட்டும் நாலு தடவை செய்யுங்கள். தாளிப்பது, வதக்குவது, தண்ணீர் அளப்பது, குக்கர் மூடுவது எல்லாம் இதிலேயே படிந்துவிடும்.

நான்கு பேருக்கு அரிசி 2 டம்ளர், துவரம் பருப்பு முக்கால் டம்ளர். இரண்டையும் சேர்த்துக் கழுவி இருபது நிமிடம் ஊறவையுங்கள். அதற்குள் சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல் உரித்து, தக்காளி இரண்டு நறுக்கிவிடலாம். வெங்காயம் உரிக்கச் சோம்பலாக இருந்தால் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், தோல் வழுக்கிக்கொண்டு வரும்.

குக்கரில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். காய்ந்ததும் கடுகு அரை ஸ்பூன், அது வெடித்து அடங்கியபிறகு சீரகம் ஒரு ஸ்பூன், இடித்த மிளகு அரை ஸ்பூன், வரமிளகாய் மூன்று, கறிவேப்பிலை. கடுகு வெடிக்கும்முன் மற்றதைப் போட்டால் கடுகு கசப்பாக வாயில் நெறுநெறுக்கும், போட்டபின் விட்டுவிட்டால் சீரகம் கருகும். முதல் இரண்டு தடவை இரண்டும் நடக்கும், நடக்கட்டும். அப்புறம் வெங்காயம், பூண்டு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி, மஞ்சள்தூள் அரை ஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், உப்பு இரண்டு ஸ்பூன். தக்காளி கரைந்தால் தண்ணீர் 8 டம்ளர் ஊற்றுங்கள்.

தண்ணீர் கொதிக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பாருங்கள். உப்பு ஒரு துளி தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும். இப்போது ஊறிய அரிசியும் பருப்பும், கொஞ்சம் கொத்தமல்லித் தழை. மூடி, ஆவி சீராக வந்ததும் குண்டு போட்டு, மிதமான தீயில் நாலு விசில். இண்டக்‌ஷன் என்றால் 1200-ல் வைத்து, முதல் விசில் வந்ததும் 800-க்குக் குறையுங்கள். அணைத்தபின் பிரஷர் தானாக இறங்கும்வரை கை வைக்காதீர்கள். பசியில் குண்டைக் கரண்டியால் தூக்கிய நண்பனின் கை ஒரு வாரம் பிளாஸ்திரியோடு இருந்தது.

திறந்ததும் தளதளவென்று இருக்கும். 'தண்ணீர் அதிகம் ஆகிவிட்டது' என்று பதறாதீர்கள், பத்து நிமிடத்தில் இறுகிவிடும். நெய் இருந்தால் நெய், இல்லாவிட்டால் நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும். பாத்திரக் கணக்கு: ஒரு குக்கர், ஒரு கரண்டி.

சலித்துப்போனால் இதே முறையில் துவரைக்குப் பதில் தட்டைப்பயறு போடலாம் (முந்தின இரவே ஊறப் போட வேண்டும்), கத்தரிக்காய், அவரை என்று கையில் கிடைத்ததை வதக்கும்போது சேர்க்கலாம்.

இரண்டாம் வாரம்: கொள்ளு

விலைக்கும் சத்துக்கும் கணக்குப் பார்த்தால் கொள்ளுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய சாமான் அதிகம் இல்லை. 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம். ஜிம்முக்குப் போகிற அறைத்தோழன் டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஒருதடவை வேகவைத்தால் கொள்ளுப் பருப்பு ஒன்று, ரசம் ஒன்று என்று இரண்டு கிடைக்கும்.

ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பார்த்துக் கழுவி இரவே ஊறப் போடுங்கள். கல் பார்ப்பதை விடவே கூடாது, கொள்ளு நிறத்திலேயே கல்லும் இருக்கும். காலையில் நாலு டம்ளர் தண்ணீரில் ஏழெட்டு விசில். விரலில் நசுக்கினால் மசிய வேண்டும். தண்ணீரைத் தனியாக வடித்து வையுங்கள், அதுதான் ரசத்துக்கு.

வடச்சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு கொத்தமல்லி விதை இரண்டு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், வரமிளகாய் நாலு, பூண்டு ஐந்து பல், சின்ன வெங்காயம் பத்து வதக்கி, இடிகல்லில் தட்டி, கொள்ளோடு உப்பும் சேர்த்து மத்தால் கடையுங்கள். கொள்ளுப் பருப்பு தயார். வடித்த தண்ணீரில் நெல்லிக்காய் அளவு புளி கரைத்து, தக்காளி ஒன்று பிசைந்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, உப்பு சேர்த்து அதே வடச்சட்டியில் வையுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் ருசி போய்விடும். சுடுசோற்றில் கொள்ளுப் பருப்பும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து முதல் சுற்று, ரசம் இரண்டாம் சுற்று. சளி பிடித்தவனுக்கு ரசம் டம்ளரில்.

அடுப்பே வேண்டாத ரசம்

கரண்ட் போய்விட்டது, சோறு மட்டும் இருக்கிறது என்ற நிலையில் கைகொடுப்பது பச்சைப்புளி ரசம். எலுமிச்சை அளவு புளியை மூன்று டம்ளர் நல்ல தண்ணியில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் இரண்டு, சீரகம் அரை ஸ்பூன், இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். உப்பு, துளி வெல்லம், கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கையாலேயே கசக்கிச் சேர்த்தால் முடிந்தது. அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும், அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதிரி நாட்களில் தக்காளியைத் தேடி அலையாமல் புளிக்கு மாறிவிடுங்கள்.

தக்காளி மலிந்த வாரம்: தொக்கு

விலை விழும்போது இரண்டு கிலோவாக வாங்கி ஒரு கிலோவைத் தொக்கு ஆக்கிவிடுங்கள். வடச்சட்டியில் 100 மில்லி நல்லெண்ணெய், கடுகு, பூண்டு ஒரு கைப்பிடி, நறுக்கிய தக்காளி, கொஞ்சம் புளி, மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் முக்கால் மணி நேரத்தில் சுருண்டு எண்ணெய் பிரியும். எண்ணெய் பிரியாமல் அவசரப்பட்டு இறக்கினால் இரண்டாம் நாளே நுரைக்கும். ஆறியபிறகு காய்ந்த பாட்டிலில் போட்டு, ஈரம்படாத ஸ்பூனால் எடுத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே மூன்று நாலு நாள் தாங்கும்.

தொக்கு இருந்தால் சமைக்காத நாளும் சமைத்த நாள்தான். சோற்றில் பிசைந்தால் தக்காளி சாதம், தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள, தோசை மேல் தடவ. இரண்டு ஸ்பூன் தொக்கை வடச்சட்டியில் சூடாக்கி, நாலு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் பொடிமாஸ். முட்டைக்கு ஆறு கிராம் அளவில் புரதம், நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. வாங்கிய முட்டை பழசா என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் வேண்டாம்.

காலைச் சாப்பாடு

கடையில் மாவு வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. முதல் நாள் தோசை, புளிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் வெங்காயம் பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பம். அதற்கு மேல் வைக்காதீர்கள். மற்ற நாளில் ரவை உப்புமா. உப்புமாவைக் கேலி செய்கிறவர்கள் ரவையை வறுக்காமல் கிண்டியதைச் சாப்பிட்டவர்கள். வாசனை வரும்வரை வறுத்து, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

இரவுச் சோறு மீந்தால் பழைய சோறு. வெறும் சோற்றுக்கு மட்டும்தான் இது, அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஆகாது. சோறு ஆறியதும் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் தயிர், உப்பு, சின்ன வெங்காயம். சோற்றைக் குக்கரிலேயே மூடி வெதுவெதுப்பாக இரவெல்லாம் விடுவதுதான் ஆபத்து. அதில் வளரும் கிருமி விடுகிற நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. நாற்றம் வந்தாலோ நூல் விட்டாலோ கொட்டிவிடுங்கள்.

பரீட்சை வாரத்தில் சமைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அம்மா உணவகத்தில் காலை இட்லி 1 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பத்து ரூபாய்க்குள் வயிறு நிறைந்துவிடும், கழுவ ஒரு தட்டுகூடக் கிடையாது.

முறையும் கணக்கும்

நாலு பேருக்கும் நாள் பிரித்து ஒருவனே எல்லாம் செய்கிற முறை எங்களுக்கு ஓடவில்லை. வேலையைப் பிரித்தோம்: ஒருவன் நறுக்க, ஒருவன் சமைக்க, ஒருவன் கழுவ, ஒருவனுக்கு ஓய்வு. மறுநாள் சுற்று மாறும். சமைத்தவன் அன்று கழுவக் கூடாது என்பதை மட்டும் மீறவில்லை. குக்கரைத் திறந்து பரிமாறிய கையோடு அதில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். காய்ந்துபோன பருப்பைச் சுரண்டுவதில்தான் சண்டை தொடங்கும்.

காசுக்கு ஒரு டப்பா. ஞாயிறுதோறும் நான்கு பேரும் சமமாகப் போட வேண்டும், சாமான் எல்லாம் அதிலிருந்துதான். தீர்ந்தால் மறுபடி சமமாக. 'நான் புதன்கிழமை சாப்பிடவில்லை' என்று கழிக்கத் தொடங்கினால் முடிவே இல்லை, எங்கள் பக்கத்து அறையில் அரை மூடித் தேங்காய்க்குப் பேச்சு நின்றுபோனது. முட்டை, கறி போன்றவற்றை மட்டும் சாப்பிடுகிறவர்கள் தனியாகப் போட்டுக்கொள்ளலாம், சைவக்காரன் தலையில் கட்டாதீர்கள்.

லீவுக்கு ஊருக்குப் போகும் முன்

ரவையைப் போகும்முன் தீர்த்துவிடுங்கள், மாட்டாதென்றால் வறுத்து டப்பாவில் வையுங்கள். அரிசிக்குள் நாலைந்து வரமிளகாய் அல்லது கொஞ்சம் காய்ந்த வேப்பிலை. புளியில் உப்புக் கல் போட்டு இறுக மூடுங்கள். வெங்காயத்தைப் பிளாஸ்டிக் பையில் விடாமல் காற்றாடப் பரப்புங்கள். குக்கர் மூடியின் ரப்பரைக் கழற்றித் துடைத்துத் தனியே வையுங்கள், மூடியிலேயே விட்டால் விரிந்துபோய் அடுத்த தடவை ஆவி ஒழுகும். சிலிண்டர் வால்வை மூடியாயிற்றா, இண்டக்‌ஷன் பிளக் கழற்றியாயிற்றா என்று பாருங்கள். கடைசியாகக் குக்கரைத் திறந்தும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். தீபாவளிக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்து அதைத் திறந்தவன் நான்தான்.